அச்சுப்பொறிக்காகத் தாழ்ப்பாளைக் கழற்றலாமா?

தேர்வு நுழைவுச்சீட்டு, வில்லங்கச் சான்று, ஓய்வூதியப் படிவம், பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டத் தாள் என ஒரு குடும்பம் அச்சிட்டுக்கொள்ள வேண்டியவை இன்றைக்கும் குறைந்தபாடில்லை. அதற்காகவே பல வீடுகளில் ஓர் அச்சுப்பொறி வாங்கி வைக்கப்படுகிறது. கூடத்தில் உள்ள மேசைக் கணினியுடன் அது கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். உள்ளறையில் உள்ள மடிக்கணினியிலிருந்தும் அதே அச்சுப்பொறிக்கு வைஃபை வழியாகத் தாளை அனுப்பலாம் என்பதே ஏற்பாடு.

சில ஆண்டுகள் தடையின்றி நடந்துவந்த இந்த ஏற்பாடு திடீரென ஒருநாள் நின்றுபோகிறது. மை இருக்கிறது, தாள் இருக்கிறது, கூடத்துக் கணினியிலிருந்து அச்சும் ஆகிறது. மடிக்கணினி மட்டும், இணைக்க இயலவில்லை என்று கூறி, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பிழைக் குறியைக் காட்டுகிறது. அந்தக் குறியை இணையத்தில் தேடினால் ஐந்து நிமிடக் காணொளிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் ஒன்று சொல்வதுபோல் செய்தால் பெரும்பாலும் அச்சு வந்துவிடுகிறது. ஆனால், அந்த ஐந்து நிமிடத்தில் நாம் எதைக் கழற்றினோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இங்கேதான் கவனம் தேவை. வீட்டு அச்சுப்பொறிப் பகிர்வு நின்றுபோவதற்குச் சில வேளைகளில் பழுது காரணம். பல வேளைகளில், பாதுகாப்புக்காக வேண்டுமென்றே பூட்டப்பட்ட கதவு காரணம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செய்யப்படும் வைத்தியம், அச்சுப்பொறியைத் திருப்பித் தருகிறது. கூடவே வீட்டின் தாழ்ப்பாளையும் கழற்றிவிடுகிறது.

ஓர் அச்சுப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்வது என்பது கணினி வரலாற்றில் சிறிய செய்தி அல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1970களின் தொடக்கத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். அங்கிருந்த 'ஆல்டோ' கணினிகள் அனைத்தையும் அந்த அச்சுப்பொறியுடன் இணைக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்தத் தேவையை ஒட்டி ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் எழுதிய குறிப்பில்தான் 'ஈதர்நெட்' என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. இன்று நம் வீட்டு ரௌட்டரின் பின்புறத்தில் செருகும் கம்பி அதன் வழித்தோன்றலே.

ஒரே கூரையின் கீழ் பணியாற்றிய ஆய்வாளர்களின் கணினிகள் ஒன்றையொன்று சந்தேகிக்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை. பின்னாளில் வந்த அச்சுப் பகிர்வு முறைகள் பலவும் இந்த நம்பிக்கையின் அடிப்படையிலேயே அமைந்தன. அந்த நம்பிக்கை இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்படுகிறது. இதை உணர்ந்துகொண்டால், சிக்கலை அவிழ்க்கும் வரிசையும் விளங்கிவிடும்.

முதலில் கேட்க வேண்டியது, அச்சுப்பொறி இணைக்கப்பட்டுள்ள கணினியிலிருந்து அச்சாகிறதா என்பது. ஆகவில்லை என்றால் பகிர்வைப் பற்றிய ஆராய்ச்சியே வேண்டியதில்லை. அச்சிட வேண்டியவற்றை வாங்கி வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்புவது 'பிரிண்ட் ஸ்பூலர்' என்னும் சேவை. பழுதான ஒரு கோப்பு அந்த வரிசையின் தலைப்பில் சிக்கிக்கொண்டால் பின்னால் நிற்பவை எதுவும் நகராது. விண்டோஸில் 'சர்வீசஸ்' பட்டியலைத் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்த வேண்டும். விண்டோஸ் கோப்புறையில் 'சிஸ்டம்32', அதனுள் 'ஸ்பூல்', அதனுள் 'பிரிண்டர்ஸ்' என்று சென்று, அங்கு தேங்கியுள்ள கோப்புகளை மட்டும் நீக்க வேண்டும். பிறகு சேவையை மீண்டும் தொடங்கினால் அடைப்பு நீங்கும். இது எந்தப் பாதுகாப்பையும் குலைக்காத வைத்தியம்.

இரண்டாவது கேள்வி, அச்சுப்பொறி உள்ள கணினி விழித்திருக்கிறதா என்பது. கம்பி வழி இணைந்த அச்சுப்பொறிக்கு வலைப்பின்னலில் சொந்த முகவரி கிடையாது. கூடத்துக் கணினியின் முகவரியே அதன் முகவரி. அந்தக் கணினி அணைந்திருந்தாலும், உறக்க நிலைக்குச் சென்றிருந்தாலும், அச்சுப்பொறி மட்டும் விளக்கெரிய நிற்பதால் பயனில்லை. காலையில் அச்சானது, மாலையில் ஆகவில்லை என்னும் புகார்களில் கணிசமானவை இதனாலேயே எழுகின்றன.

மூன்றாவது, இரு கணினிகளும் ஒரே வலைப்பின்னலில் இருக்கின்றனவா என்பது. பெயர் ஒன்றாக இருப்பதால் வலைப்பின்னலும் ஒன்று என்று கொள்ள முடியாது. ரௌட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை உண்டு. அதில் இணைந்த கருவிக்கு இணையம் கிடைக்கும், வீட்டின் பிற கருவிகள் கண்ணில் படா. சில ரௌட்டர்களில், வைஃபையில் உள்ள கருவிகளை ஒன்றுக்கொன்று மறைத்துவைக்கும் அமைப்பும் இருக்கிறது. சமிக்ஞை எட்டவில்லை என்று உள்ளறையில் இரண்டாவதாக ஒரு ரௌட்டரைப் பொருத்தியிருந்தால், அது தனியொரு வலைப்பின்னலை உருவாக்கியிருக்கக்கூடும்.

இதைச் சோதிப்பது எளிது. இரு கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் பார்க்க வேண்டும். வீடுகளில் வழக்கமான அமைப்பில் அவற்றின் முதல் மூன்று பகுதிகள், 192.168.1 என்பதுபோல, ஒன்றாக இருக்கும். கடைசி எண் மட்டும் மாறும். முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

நான்காவது கேள்வி அனுமதி பற்றியது. குழப்பமும் ஆபத்தும் கூடிநிற்கும் இடம் இதுவே.

விண்டோஸ் ஒவ்வொரு வலைப்பின்னலையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என வகைப்படுத்துகிறது. ரயில் நிலையத்து வைஃபை பொதுவிடம். வீட்டு வைஃபை சொந்த இடம். புதிதாக ஒரு வைஃபையில் இணையும்போது அதைப் பொதுவிடமாகக் கருதிக் கணினி தன்னை மறைத்துக்கொள்வது இன்றைய வழக்கம். ரௌட்டரை மாற்றிய மறுநாள் அச்சுப்பொறி காணாமற்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வீட்டு வலைப்பின்னலை 'பிரைவேட்' என மாற்றி, அந்த வகைக்கு மட்டும் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' ஆகிய இரண்டையும் இயக்கினால் போதும். இதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிடுவது, ஒரு சாவி தொலைந்ததற்காகக் கதவையே பெயர்த்தெடுப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது கடவுச்சொல். நம் வீட்டு மேசைக் கணினிகள் பலவற்றுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. பொத்தானை அழுத்தியதும் திறந்துகொள்ளும். கடவுச்சொல் இல்லாத பயனர் கணக்கை வலைப்பின்னல் வழியாகப் பயன்படுத்த விண்டோஸ் இயல்பாகவே இடம் தருவதில்லை. எனவே, மடிக்கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது எதைத் தட்டினாலும் ஏற்கப்படாது. கணினியைத் திறக்க நான்கு இலக்க 'பின்' வைத்திருப்போர் அதையே இங்கும் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் 'பின்' அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வலைப்பின்னல் வழி நுழைவுக்கு அது உதவாது.

இந்த இடத்தில் காணொளிகள் தரும் அறிவுரை, 'பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதை அணைத்துவிடுங்கள் என்பது. அணைத்தால் பல கணினிகளில் வேலை நடக்கும்தான். ஆனால், வைஃபை கடவுச்சொல் அறிந்த எவரும், அந்தக் கணினியில் எல்லோருக்குமாகப் பகிரப்பட்ட கோப்புறைகளுக்குள் யார் என்று சொல்லாமலே வந்துபோகலாம் என்பதும் அதன் பொருள். மாடியில் குடியிருப்போர், பிள்ளைகளின் நண்பர்கள், விடுமுறைக்கு வந்த உறவினர் என நம் வைஃபை கடவுச்சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சுப்பொறி இணைந்திருக்கும் கணினியில்தான் ஆதார் நகலும், வங்கிக் கணக்கு விவரமும், பத்திரத்தின் ஒளிநகலும் சேமிக்கப்பட்டிருக்கின்றன.

சரியான வழி கடினமானதன்று. கூடத்துக் கணினியில் அச்சிடுவதற்கென்றே நிர்வாக உரிமை இல்லாத ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அதற்கு ஒரு கடவுச்சொல்லைச் சூட்ட வேண்டும். மடிக்கணினியில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற பகுதியில் கூடத்துக் கணினியின் பெயரையும் அந்தக் கணக்கின் விவரத்தையும் ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு கேட்காது. இதற்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ அந்தக் காணொளியின் நேரமே.

இனி, பலரையும் அலைக்கழித்த '11பி' என்று முடியும் பிழைக் குறிக்கு வருவோம். அதன் பின்னணி 2021-ஆம் ஆண்டில் இருக்கிறது.

பிரிண்ட் ஸ்பூலர், விண்டோஸில் மிக உயர்ந்த அதிகாரத்துடன், கணினி தொடங்கும்போதே இயங்கத் தொடங்கும் சேவை. அதில் இருந்த ஒரு பெரும் ஓட்டை 2021 ஜூன் இறுதியில் வெளியே தெரிந்தது. 'பிரிண்ட்நைட்மேர்' எனப் பெயர் பெற்ற அந்த ஓட்டையின் வழியே, அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருள் என்ற பெயரில் தீய நிரல் ஒன்றைக் கணினிக்குள் புகுத்தி, முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூலை 6 முதல் அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்கும் திருத்தம் தரப்பட்டதிலிருந்தே ஆபத்தின் அளவை உணரலாம். அச்சு இயக்கியை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயம் என்ற விதி ஆகஸ்ட் மாதம் வந்தது.

ஸ்பூலரில் இன்னொரு பலவீனமும் இருந்தது. இரு கணினிகளுக்கு இடையிலான அச்சு உரையாடலின் நடுவே ஒருவர் புகுந்து, பயனரின் அடையாளத்தைத் தமதாக்கிக்கொள்ள முடியும் என்பதே அது. இதற்கான திருத்தம் 2021 ஜனவரியில் வந்தது. இரு தரப்பும் உரையாடலை மறைகுறியாக்க வேண்டும் என்ற நிபந்தனை செப்டம்பர் 14 அன்று கட்டாயமாக்கப்பட்டது. கூடத்துக் கணினி அந்தத் திருத்தத்தைப் பெற்றிருந்து, மடிக்கணினி பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், முன்னது பின்னதை உள்ளே விடாது. '11பி' என்பதன் சாரம் இதுதான்.

இதற்கு இணையத்தில் பரவிய வைத்தியங்கள் இரண்டு. வந்த புதுப்பிப்பையே நீக்கிவிடுவது ஒன்று. 'ரெஜிஸ்ட்ரி'யில் ஒரு மதிப்பைச் சுழியாக்கி அந்த நிபந்தனையைச் செயலிழக்கச் செய்வது மற்றொன்று. இரண்டும் பலிக்கும். இரண்டும், எந்தத் தாக்குதலைத் தடுக்கத் திருத்தம் வந்ததோ அதற்கு மீண்டும் வழிவிடுபவை. அன்று சுழியாக்கிய மதிப்பைத் திருப்பி வைத்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

நேரான தீர்வு, இரு கணினிகளையும் முழுமையாகப் புதுப்பிப்பதே. அதன் பின்னும் இணைப்பு மறுக்கப்பட்டால், இன்னொரு வழி உண்டு. அச்சுப்பொறி தன்னுடனேயே இணைந்திருப்பதாகக் கருதி மடிக்கணினியில் அதன் இயக்கியை முதலில் நிறுவ வேண்டும். பிறகு, 'லோக்கல் போர்ட்' என்ற வகையில் புதிய வாயிலை உருவாக்கி, அதன் பெயராகக் கூடத்துக் கணினியின் பெயரையும் அச்சுப்பொறியின் பகிர்வுப் பெயரையும், இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கி, இடையில் ஒரு பின்சாய்கோடு இட்டு எழுத வேண்டும். இயக்கியை அடுத்த கணினியிலிருந்து பெறும் படியே இதில் இல்லாததால் பல தடைகள் எழுவதில்லை. எந்தப் பாதுகாப்பையும் தளர்த்த வேண்டியதுமில்லை.

இதே போன்ற மற்றொரு தவறான வைத்தியம், 'எஸ்.எம்.பி. 1' என்னும் பழைய பகிர்வு நெறிமுறையை மீண்டும் இயக்குவது. 1980களில் பிறந்த அந்த நெறிமுறையின் குறையைப் பயன்படுத்தித்தான் 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதே ஆண்டு இறுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல் அந்த நெறிமுறை இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஓர் அச்சுப்பொறிக்காக அதைத் திரும்ப அழைப்பது அறிவுடைமை ஆகாது.

ஐந்தாவதும் கடைசியுமான கேள்வி, மொழி பற்றியது. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் ஒரு மொழி உண்டு. அதை அறிந்த இயக்கி மென்பொருள் மடிக்கணினியில் இருக்க வேண்டும். கூடத்தில் பழைய 32 பிட் விண்டோஸும் உள்ளறையில் 64 பிட் விண்டோஸும் இருந்தால், ஒன்றின் இயக்கி மற்றதற்குப் பொருந்தாது. நம் நாட்டில் பரவலாக விற்பனையான ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 போன்றவை, தாளின் உருவத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் வகையைச் சேர்ந்தவை. உறுதியான பொறிகள், ஆனால், தமக்குரிய இயக்கி இன்றி அவற்றால் ஓரெழுத்தும் அச்சிட இயலாது. பகிர்வு நின்றுவிட்டது என்று இத்தகைய பொறியைப் பழைய பொருள் கடையில் போடுவதற்கு முன், தயாரிப்பாளரின் தளத்தில் சரியான இயக்கி கிடைக்கிறதா என்று பார்ப்பது நலம்.

புதிதாக வாங்குவோருக்கு நிலைமை மாறியிருக்கிறது. இணைய அச்சு நெறிமுறையான 'ஐ.பி.பி.' 1999-இல் முதல் வடிவம் பெற்றது. ஆப்பிள் 2010-இல் அறிமுகப்படுத்திய 'ஏர்பிரிண்ட்' அதன் அடிப்படையில் அமைந்தது. கேனான், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகியவை 2013-இல் தொடங்கிய 'மோப்ரியா' கூட்டமைப்பும் இந்தப் பொதுமொழியையே வளர்த்தது. இவற்றை ஏற்கும் அச்சுப்பொறி, வைஃபையில் தானே ஓர் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளும். எந்தக் கணினியும் விழித்திருக்க வேண்டியதில்லை, தனி இயக்கியும் வேண்டியதில்லை, கைப்பேசியிலிருந்தும் அச்சிடலாம். தயாரிப்பாளர்கள் தனித்தனியே எழுதும் இயக்கிகளை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்டும் 2023 செப்டம்பரில் அறிவித்துவிட்டது.

இத்தகைய அச்சுப்பொறிகளுக்கும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பல வீட்டு அச்சுப்பொறிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறிந்தவை. ரௌட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தால் இணையா. இரண்டாவது, ரௌட்டர் தரும் முகவரி நிலையானது அன்று. மின்தடைக்குப் பின் அச்சுப்பொறிக்கு வேறு எண் கிடைத்தால், கணினி பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருந்து 'ஆஃப்லைன்' என்று அறிவிக்கும். ரௌட்டரின் அமைப்பில் அச்சுப்பொறிக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இவ்வளவையும் ஒரு சாதாரணக் குடும்பம் அறிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. பூட்டை மாற்றியவர், வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். பாதுகாப்புக்காகக் கதவை அடைத்ததில் தவறில்லை. ஆனால், 'உங்கள் மடிக்கணினி புதுப்பிக்கப்படவில்லை. புதுப்பித்தால் அச்சாகும்' என்று ஒரே வரியில் சொல்லியிருக்கக்கூடியதை, பத்து இலக்கக் குறியாகத் திரையில் காட்டியது யாருக்கும் உதவாத செயல். அந்த மௌனம் விட்ட இடைவெளியைத்தான் காணொளிகள் நிரப்பின. தமிழ் இடைமுகம் தரும் நிறுவனங்கள், பொத்தான்களின் பெயரைத் தமிழாக்குவதோடு நிற்காமல், பிழைச் செய்திகளையும் மனிதர்க்குப் புரியும் தமிழில் தர வேண்டும்.

அதுவரை ஓர் எளிய விதியை வீடுகளில் கடைப்பிடிக்கலாம். ஒரு தீர்வு நம்மிடம் எதையேனும் புதுப்பிக்கவோ, சேர்க்கவோ, சரியான பெயரைத் தரவோ சொன்னால் அதை முயன்று பார்க்கலாம். எதையேனும் அணைக்கவோ, நீக்கவோ, சுழியாக்கவோ சொன்னால், அது எதைக் காத்துவந்தது என்று முதலில் கேட்க வேண்டும். ஏற்கெனவே அப்படி எதையாவது கழற்றியிருந்தால், இந்த வார விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதைத் திரும்பப் பூட்டிவிட்டு, முறையான வழியில் இணைத்துப் பார்க்கலாம். அச்சிட வேண்டிய தாள் ஒரு நாள் காத்திருக்கும். களவுபோன ஆவணம் திரும்பி வராது.